பாலத்துக்குப் பிடிக்காத கால்கள்

திறந்து பதினோரு மாதமாகியும் அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை. மஞ்சரிக்கு உறுத்தியது அதுதான். நம் ஊரில் கல்யாணச் சாம்பார் எவ்வளவு நன்றாக வாய்த்தாலும் சூடு போதாது என்று சொல்ல ஓர் ஆள் இருப்பார். நூற்றிருபது மீட்டர் நீளத்தில், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிற பாலத்தைத் தினமும் நூற்றுக்கணக்கான பேர் நடந்து கடந்தும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை என்றால், ஒன்று அந்தப் பாலம் தெய்வப் பிறவியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கோ எதையோ யாரோ மறைக்கிறார்கள். மஞ்சரி கட்டுமானப் பொறியாளர். இருபது வருட வேலையில் தெய்வப் பிறவியான கட்டடம் எதையும் அவள் சந்தித்ததில்லை.

பாலம் அழகுதான், அதை மறுக்க முடியாது. கொடியில் உலரப் போட்ட சேலை காற்றில் ஒருமுறை எழும்பி அப்படியே நின்றுவிட்டதுபோல, பள்ளத்துக்கு மேலே மேற்குப் பூங்காவிலிருந்து கிழக்குப் பூங்காவுக்குப் போயிற்று. தளத்தின் கனம் ஒரு சாண்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய தளம் மனிதர்கள் நடந்தால் ஆடாமல் இருக்குமா? ஆடும். அதனால் தளத்துக்கு அடியில் அறுநூறு சின்ன இயந்திரங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வேலையாட்கள் அவற்றைத் தசை என்றார்கள். மேலே கால் எந்தப் பக்கம் அழுத்துகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் தசை தள்ளும். ஆட்டம் அடங்கிவிடும். யார் யார் எப்படி நடக்கிறார்கள் என்பதைப் பாலம் தானாகவே கற்றுக்கொள்ளவும் செய்தது. நாற்பது அடி நடந்தால் போதும், இது இன்னாருடைய கால் என்று அதற்குத் தெரிந்துவிடும். பெயர் தெரியாது, கால் மட்டும் தெரியும்.

அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது மஞ்சரிதான். பொத்தான் அழுத்திப் பாடம் சொல்கிற அந்தக் கையடக்கப் பெட்டி இன்னும் அவளிடம் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு மாநகராட்சியிடம் ஒப்படைப்பு. மூன்று பேர் கொண்ட குழு பாலத்தைக் கடந்து கையெழுத்துப் போட்டதும் பாலத்தின் நினைவை முத்திரை வைத்து மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு அது கற்றது கற்றதுதான்.

சுந்தரி அவளைத் தேடி வந்தது ஒப்படைப்புக்கு முதல் நாள் காலையில். மேற்குப் பூங்காவின் தகரக் கொட்டகை வாசலில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கணுக்கால்வரை சாலைப் புழுதி.

"ஞாபகம் இருக்குதுங்களா மேடம்? சோதனைக்கு நடந்தோமே, கெழக்கால ஹவுசிங் போர்டு கும்மிக்காரங்க. நான் சுந்தரிங்க."

"இருக்குதுக்கா. உள்ள வாங்க."

"நாளைக்குப் பாலத்தோட மூளையப் பூட்டிருவாங்களாமா? நெசந்தானுங்களா?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"அதுக்குள்ள ஒருக்கா எங்கூட நடந்து பாருங்க. அந்தப் பாலத்துக்கு எங்களப் புடிக்கலீங்க."

மஞ்சரிக்குச் சிரிப்பு வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. இதைச் சொல்ல மாநகராட்சி அலுவலகம் இருக்கிறது, புகார் எண் இருக்கிறது. இவள் எதற்காக என்னைத் தேடி வருகிறாள்? மறுபடி சோதனைக் கூலி ஏதாவது கிடைக்கும் என்று நினைக்கிறாளோ? நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து சுந்தரியோடு நடந்தாள்.

பாலத்தில் ஏறியதும் சுந்தரி கைப்பிடியை ஒட்டி நடந்தாள். வாய்க்குள் எண்ணினாள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதாவது அடியில் அவளுடைய வலது கால் எதையோ தேடி ஏமாந்ததுபோல் இறங்கியது. உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலேயே நின்ற மஞ்சரிக்கு எதுவுமே தெரியவில்லை. தளம் வீட்டுத் தரைபோல் அசையாமல் இருந்தது.

"பாத்தீங்களா? படி இருக்குதுன்னு கால வெச்சா இல்லாம போறாட்ட. அடுத்த அடியும் இப்படித்தானுங்க. அதுக்கு அடுத்ததும்."

சுந்தரியின் இடது மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருந்ததை மஞ்சரி அப்போதுதான் கவனித்தாள்.

"இது பாலம் தொறந்த மூணாம் நாள் வுழுந்ததுங்க. போய்ச் சொன்னா, ஒசரம் பாத்து பயந்திருப்பீங்க, மனப்பிரமைன்னாங்க. புகாருன்னு எழுதிக்கவே இல்லீங்க. எங்க ப்ளாக்குல அத்தன பேருக்கும் ஒரே மனப்பிரமையாங்க? இப்ப யாரும் இதுல ஏறறதில்ல. பள்ளத்தச் சுத்திப் போயி பைபாஸத்தான் தாண்டறோம். போன ஆவணில எம்பட பக்கத்து வூட்டுக்காரர் வேலைக்குப் போறப்ப அங்கதான் லாரில அடிபட்டுப் போனாரு. பாலம் வேணும்னு மனு எழுதுனதே அவருதானுங்க."

மஞ்சரி தன் காலணியைக் கழற்றிச் சுந்தரியிடம் கொடுத்துவிட்டு, சுந்தரியின் ரப்பர் செருப்பைத் தான் போட்டுக்கொண்டாள். இருவரும் முதலிலிருந்து நடந்தார்கள். நாற்பதாவது அடியில் சுந்தரிதான் மறுபடியும் தடுமாறினாள். அப்படியானால் செருப்பில் ஒன்றுமில்லை. பாலம் காலைத்தான் பார்க்கிறது.

கொட்டகைக்கு வந்து பதிவுகளைத் திறந்தாள். கிழக்கு முனையில் முதல் வாரம் தினமும் முந்நூறு பேருக்குக் குறையாமல் ஏறியிருக்கிறார்கள். மேற்கில் இறங்கியவர்கள் ஒன்பது பேர். மற்ற அத்தனை பேரையும் 'காட்சி பார்த்துத் திரும்பியவர்கள்' என்று பாலம் எழுதி வைத்திருந்தது. இப்போது தினம் இரண்டு பேரோ மூன்று பேரோ ஏறுகிறார்கள். புகார் எப்படி வரும்? 'உங்கள் நடை சுகமாக இருந்ததா?' என்று கேட்கிற பலகை பாலத்தைக் கடந்து இறங்குகிற இடத்தில் இருந்தது. கடந்தவர்களிடம்தான் கேட்டார்கள். கடக்க முடியாதவனிடம் கேட்க ஒரு நாதியும் இல்லை.

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதிலும் பெரிய சந்தேகமில்லை. மேற்குப் பூங்கா நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் நஞ்சப்பன், வயது எழுபத்தொன்று, பழைய பனியன் ஏற்றுமதியாளர். பாலம் வேண்டாம் என்று கையெழுத்து வேட்டை நடத்தியவர். ஒப்படைப்புக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியும் அவர்தான். மருத மரத்தடி பெஞ்சில் அவரைப் பிடித்தாள்.

"நானா?" என்று நஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க அம்மிணி, எனக்கு செல்லுல எழுத்தப் பெருசாக்கறதுக்கே ஆள் வேணும். நான் போய் பாலத்துக்குள்ள கைய வெப்பனா?"

"நீங்க எதிர்த்தீங்க சார்."

"எதிர்த்தேன். இல்லீங்கல. அந்தப் பக்கத்து சனம் அத்தனையும் வந்தா நமக்கு உக்கார பெஞ்சு கெடைக்காதுன்னு நெனச்சேன். பாலம் வந்துது. பாத்தா ஒருத்தரும் வரல. நல்லதாப் போச்சுன்னு வுட்டுட்டேன்."

"ஏன் வரலேன்னு யோசிக்கலையா?"

"அத நான் எதுக்கு யோசிக்கோணும்?" என்றார் அவர். பொய் சொல்லுகிற முகமாக இல்லை. அதனால் அவள் கோபம் இன்னும் கூடியது.

மிச்சமிருந்தது விசாகன். பாலத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர். அவருடைய அலுவலகச் சுவர் முழுக்கப் பாலத்தின் படங்கள். உலக அளவில் ஒரு பரிசுக்குக் கடைசி மூன்றில் ஒன்றாக அது வந்திருந்தது. மஞ்சரி சொன்னதையெல்லாம் அவர் இடைமறிக்காமல் கேட்டார். மறுக்கவில்லை. மறுக்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்கு இது தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"யார் சார் செஞ்சது? பாடம் சொல்ற ரகசியச் சாவி எண் இல்லாம இதைச் செய்ய முடியாது. உங்க ஆளுங்க யாராவது..."

விசாகன் கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். பாலம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய கால்களின் பட்டியல். ஐம்பத்திரண்டு எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பாடம் சொன்னவரின் சாவி. ஐம்பத்திரண்டும் ஒரே சாவி. மஞ்சரி அந்த எண்ணை இரண்டு முறை படித்தாள். அது அவளுடையது.

"சோதனை நாட்களை நினைச்சுப் பாருங்க," என்றார் விசாகன். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, களைப்புதான் இருந்தது.

அவள் நினைத்துப் பார்த்தாள். கூட்டம் ஒரே அடியில் நடந்தால்தான் பாலத்துக்கு ஆபத்து. அதைப் பாலத்துக்குக் கற்றுக்கொடுக்க, ஒரே அடியில் நடக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். மணியடித்து நடக்கச் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அப்போதுதான் சுந்தரி முன்னே வந்தாள். மணிச் சத்தத்துக்குக் கால் வராதுங்க, வள்ளி கும்மி அடவுல நடந்து வர்றோம், பாருங்க என்றாள். ஐம்பத்திரண்டு பெண்கள் பச்சைச் சேலையில் வரிசை கட்டி ஒரே காலாக வந்தபோது பாலம் ஊஞ்சல்போல் ஆடிற்று. பொறியாளர்கள் கைதட்டினார்கள். ஒன்பது நாள். அவர்கள் கடக்கும்போதெல்லாம் மஞ்சரி நடுவில் நின்று, பெட்டியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு என்றால் 'ஆகாது'. தன் அலுவலக ஆட்களும் விருந்தினரும் சாவகாசமாக நடந்தபோது பச்சையை அழுத்தினாள்.

"ஒரே அடியில நடக்கறது ஆகாதுன்னு சொல்லிக் கொடுத்தேன்," என்றாள்.

"நீங்க அப்படி நினைச்சீங்க. குழந்தைக்கு நாய் கடிக்கும்னு சொல்றதுக்கு எப்பப் பாத்தாலும் எதிர்வீட்டு நாயையே காட்டினா, அது எதைக் கத்துக்கும்? எதிர்வீட்டு நாயைத்தான். பாலம் அந்த அடவைக் கத்துக்கல மஞ்சரி. அந்தக் கால்களைக் கத்துக்கிச்சு. அவங்க கும்மி அடிக்காம, தனியா, காய்கறிப் பையோட வந்தாக்கூட, கால் ஒத்துப்போயிடக் கூடாதுன்னு அந்தக் காலடியில மட்டும் தளத்தை அரை விரல் நகர்த்தி அடியைக் குலைக்குது."

"ஐம்பத்திரண்டு பேர்தானே. அந்தப் பக்கத்துல மூவாயிரம் பேர் இருக்காங்க."

"மகள் அம்மா மாதிரி நடப்பா. லிஃப்ட் இல்லாத அஞ்சு மாடியைத் தினமும் ஏறி இறங்கற கால் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஊன்றும். அதையும் அது கத்துக்கிச்சு."

"அழிச்சிடலாம். இன்னிக்கே. நான் அழிக்கிறேன்."

விசாகன் எழுந்து ஜன்னலருகே போனார். "அழிச்சா பாலம் நிக்காது. சோதனையிலேயே பார்த்தேன். நான் போட்ட கனம் போதாது. அவங்க ஐம்பது பேர் ஒரே அடியில வந்தா, வெறும் எதிர்த் தள்ளலால தாங்க முடியாது. அடியைக் குலைச்சாத்தான் உண்டு. இல்லேன்னா நடுவுல ரெண்டு தூண் வைக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப அவங்க தனித்தனியா வர்றப்பவே திரும்பிடறாங்க. கூட்டமா வர வழியே இல்லை. பாலம் பத்திரமா இருக்கு."

"தூண் வைங்க."

"தூண் வச்சா அது இந்தப் பாலம் இல்லை. நீங்க எழுதிக் கொடுத்தாலும் எடுபடாது மஞ்சரி. நான் நடந்தா ஆடல, நீங்க நடந்தா ஆடல, நஞ்சப்பன் நடந்தா ஆடல. குழு நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடும். பதினோரு மாசத்துல ஒரு புகார் இல்லை."

அவர் சொன்னது உண்மைதான். வெளியே வந்தபோது அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. காலையிலிருந்து ஊரெல்லாம் கள்ளனைத் தேடினாள், கள்ளன் அவள் கைப்பைக்குள் இருந்த பெட்டியில் உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது. பிற்பகல் முழுவதும் கிழக்குப் பூங்காவில், ஆளில்லாத சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள். அழிக்கக் கூடாது, அழித்தால் ஆபத்து. ஆனால் பாடம் இன்னும் முடிந்துவிடவில்லை. முத்திரை விழும்வரை திருத்தலாம், கூட்டலாம். பாலம் திறந்த நாளில் விருந்தினர் நடந்த பதிவுகளைத் தேடி எடுத்தாள். வெயில் தாழும்வரை விரல் வலிக்க அழுத்திக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலை பத்து மணி. மேற்கு முனையில் பந்தல், நாதஸ்வரம், கேமராக்கள். தொப்பி போட்ட நஞ்சப்பனுக்குச் சந்தன மாலை. விசாகன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். வேலை முடிந்து வந்த சுந்தரி பந்தலுக்கு வெளியே, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நஞ்சப்பன், விசாகன், மஞ்சரி என்று குழுவின் மூன்று பேரும் நடக்கத் தயாரானார்கள்.

"சார், நீங்க கம்பி ஓரமா வாங்க. என் கையையும் பிடிச்சுக்கோங்க," என்றாள் மஞ்சரி.

"எனக்கென்ன வயசா ஆயிருச்சு?" என்று நஞ்சப்பன் சிரித்தார். ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

முப்பது. முப்பத்தைந்து. விசாகன் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் எதைக் கண்டாரோ, அவர் நடை தளர்ந்தது. நாற்பது.

நஞ்சப்பன், "ஐயோ" என்று கத்தினார். அவர் பாரம் முழுவதும் மஞ்சரியின் தோளில் விழுந்தது. விசாகன் கம்பியைத் தாவிப் பிடித்தார். மஞ்சரியின் காலடியிலும் தளம் இல்லாமல் போயிற்று. நஞ்சப்பனையும் தாங்கிக்கொண்டு கம்பியில் சாய்ந்தாள். அவர்கள் இருவரின் காலோடு தன் காலையும் பெட்டியில் சிவப்பில் சேர்த்தபோது இது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்திருந்தாள். கற்பனை இதில் கால்வாசிகூட இல்லை.

"யாரு தள்ளுனது? யாருய்யா என்னத் தள்ளுனது?"

"யாரும் தள்ளல சார். இன்னொரு அடி வைக்கறீங்களா?"

"வெக்க மாட்டேன்! என்ன பாலம் கட்டி வெச்சிருக்கீங்க? ஆளக் கொல்றதுக்கா? கையெழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

விசாகன் தணிந்த குரலில், "நீங்கதானா?" என்று கேட்டார்.

"நான்தான். ரெண்டு தடவையும் நான்தான். அப்படியே எழுதிக் கொடுக்கப் போறேன்."

நஞ்சப்பன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஒரே ஒரு போன் செய்தார். அரை மணியில் மூன்று ஜீப் வந்தன. மனப்பிரமை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதற்குள் அவரைப் போலவே நடக்கிற சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் ஏறிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய்த் திரும்பியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாலத்தின் குறுக்கே தடுப்பு வைத்தார்கள். மறு உத்தரவு வரும்வரை அனுமதியில்லை. தளத்தைப் பலப்படுத்தும்வரை திறப்பதில்லை என்று பெரிய அதிகாரி கேமராவுக்குச் சொன்னார். தூண் என்ற சொல்லையும் சொன்னார். விசாகன் காரில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் சுந்தரி கயிற்றருகே நின்றிருந்தாள்.

"மூடிட்டாங்களாங்க?"

"மூடிட்டாங்கக்கா. ரெண்டு தூண் வச்சு, மறுபடி முதல்ல இருந்து பாடம் சொல்லணும். ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் உங்களுக்கு பைபாஸ்தான்."

"எங்களுக்கு அது நேத்தும் மூடித்தானுங்க இருந்துது."

இதை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். "அக்கா, ஒண்ணு சொல்லணும். உங்க காலெல்லாம் ஆகாதுன்னு அந்தப் பாலத்துக்குச் சொல்லிக் கொடுத்தது வேற யாரும் இல்ல. நான்தான்."

சுந்தரி ஆச்சரியப்படவில்லை. "தெரியுமுங்க அம்மிணி."

"தெரியுமா?"

"ஒம்பது நாளும் நாங்க தாண்டத் தாண்ட நீங்க செவப்பத்தானே அமுக்குனீங்க? பாத்துட்டுத்தான நடந்தோம். மத்தவங்க வந்தாப் பச்சை, நாங்க வந்தா செவப்பு. என்னமோ சரியா நடக்கலையாட்ட இருக்குது, அதான் மேடத்துக்குத் திருப்தியில்லன்னு பேசிக்கிட்டோம். அடுத்தவாட்டி வர்றப்ப இன்னும் ஒத்துமையா அடி வெச்சோம். அப்பவும் செவப்புத்தான்."

மஞ்சரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பின்ன ஏங்க்கா எங்கிட்டயே வந்தீங்க?"

"வேற யாருகிட்டப் போறதுங்க? பொட்டி உங்க கையிலதான இருந்துது."

சுந்தரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேரமாச்சுங்க என்று பூங்கா வாசலை நோக்கி நடந்தாள். அவள் வீட்டுக்குப் பைபாஸைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆகும்.

"நானும் வரட்டுமாக்கா?"

சுந்தரி நிற்காமலே திரும்பிப் பார்த்தாள். "வாங்க. வெயில் ஏறிருச்சு, வெரசா நடக்கோணும்," என்றாள்.